உரை இழந்த சூத்திரங்கள்

சூத்திரம் சுருங்கியது, அதன் பொருள் உரையிலே தங்கியிருக்கிறது என்பது இலக்கணம் கற்கும் மாணவர் எவரும் அறிந்த செய்தி. நன்னூலின் பாயிரம் நூலுக்கு இலக்கணம் கூறியதோடு அமையாது, காண்டிகை, விருத்தி என உரைக்கும் இலக்கணம் வகுத்தமை இதனை உணர்ந்தே எனலாம். உரை மறைந்து சூத்திரம் மட்டும் எஞ்சுமாயின் அதனை மனனஞ் செய்யலாம், ஒப்புவிக்கலாம், பிறர்க்குக் கையளிக்கலாம். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லவியலாது. ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துபோன இடர்ப்பாடு இதுவென்று கருதுவதற்கில்லை. இன்றைய கணினிகளின் உள்ளே இத்தகைய சூத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வழங்குகின்றன. அவற்றுள் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து 2017இல் நீக்கப்பட்ட ஒன்றை எடுத்து, அது எழுதப்பட்ட முறையையும் படிக்கப்பட்ட முறையையும் ஊவாவின் தோட்டப்புறத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

கணினியின் பணிசெயல் முறைமைக்கு நடுவாக அமைவது கேர்னல். தமிழகத்துக் கணினி எழுத்திலே இது கருனி என வழங்கும். அச்சொல்லே இங்கும் கொள்ளப்படுகின்றது. நினைவகத்தை எந்த நிரலுக்கு எவ்வளவு பங்கிடுவது, வலையமைப்பின் வழி வரும் பொதியை ஏற்பதா தள்ளுவதா என்னும் தீர்ப்புகள் யாவும் கருனியிலேயே நிகழ்கின்றன. முற்காலத்து யுனிக்ஸ் கணினிகளில் இத்தீர்ப்புகளின் அளவுகோலை மாற்ற விரும்பியவர், எண்ணைத் திருத்திக் கருனியை மீளத் தொகுத்துக் கணினியை நிறுத்தித் தொடக்க வேண்டியிருந்தது. துணிந்தவர் சிலர் பிழைதிருத்தும் கருவியைக் கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கருனியின் நினைவகத்திலேயே எண்ணை மாற்றியதுமுண்டு. 1993இல் வெளிவந்த 4.4 பி.எஸ்.டி. என்னும் முறைமை இத்துணிச்சலை ஒழுங்குபடுத்தி ‘சிஸ்கண்ட்ரோல்’ என்ற வாயிலை அமைத்தது. லினக்ஸ் 1996ஆம் ஆண்டளவில் அதனைப் பின்பற்றியது. லினக்ஸில் ஒவ்வோர் அமைவும் ஒரு சிறு கோப்புப் போலக் காட்சி தரும். உரிய அதிகாரம் உடையவர் அக்கோப்பிலே ஓர் எண்ணை எழுதினால் அக்கணமே கருனியின் ஒழுக்கம் மாறிவிடும். கணினி நிற்பதில்லை. அதனை நாடி வருவோர் மாற்றம் நிகழ்ந்ததை அறிவதுமில்லை.

பண்டாரவளைப் பகுதியிலே பிறந்தவர்க்கு இச்செயல் முற்றும் புதியதன்று. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பருவத்தில் நாளும் வந்து கொட்டும். அதற்காக ஆலை நிற்க முடியாது. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை ஊவாவின் மலைச்சரிவுகளில் வரண்ட காற்று வீசுகின்றது. ஊவாத் தேயிலையின் தனி மணம் உலகச் சந்தையிலே பேசப்படுவது அப்பருவத்தினால்தான். அக்காலத்தில் கொழுந்து விரைவில் வாடும். வாட்டும் நேரத்தையும் காற்றின் அளவையும் டீமேக்கர் ஓடும் ஆலையிலேயே மாற்றுகின்றார். கொழுந்தை அள்ளிப் பிசைந்து முகர்ந்த பின்னரே அவர் கை விசைக்குச் செல்லும். மாற்றத்தின் பயனையும் பிழையையும் அவரே அன்றைய தேநீர்க் கோப்பையில் சுவைத்து அறிகின்றார். கருனியின் அமைவை மாற்றும் நிருவாகிக்கும் டீமேக்கருக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கின்றது. முன்னவர் மாற்றத்தைச் செய்வது ஓரிடம். அதன் விளைவை அனுபவிப்போர் இருப்பது வேறோர் இடம். அவர் முன்னே உள்ள கோப்பையில் அவர்களுடைய கசப்பு இறங்குவதில்லை.

இக்கட்டுரை கொள்ளும் சூத்திரத்தின் பெயர் ‘டி.சி.பி. டி.டபிள்யூ. ரீசைக்கிள்’. லினக்ஸின் 2.4 பதிப்போடு, அதாவது 2001இல், இது பரவலாக வழக்கிற்கு வந்தது. இதனை விளங்குவதற்கு இரு கணினிகள் பேசி முடிக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். இணைப்பை முதலில் முடித்துக்கொள்ளும் தரப்பு, முடித்த உடனே அதனை மறந்துவிடுவதில்லை. வழியிலே தாமதித்த பழைய பொதியொன்று பிந்தி வந்து, புதிய இணைப்பொன்றில் தவறிப் புகுந்துவிடக் கூடாது. தன் இறுதி மறுமொழி வழியில் தொலைந்திருந்தால் அதனை மீள அனுப்பவும் வேண்டும். இவ்விரு காரணங்களுக்காக அது சிறிது காலம் காத்திருக்கின்றது. லினக்ஸில் அக்காலம் 60 விநாடி. ‘ரைம் வெயிற்’ எனப்படும் இக்காத்திருப்பு, சாவீட்டிலிருந்து உடனே எழுந்து போகாமல் சற்றே அமர்ந்திருப்பது போன்ற ஒரு மரியாதை. ஆயின் காரணமுள்ள மரியாதை.

கூட்டம் மிகுந்த சேவையகமொன்றில் இவ்வாறு காத்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிட்டால் பல்லாயிரம் வரிகள் திரையில் ஓடும். அதனைக் கண்டு அஞ்சுவது இயல்பே. உண்மையில் அவை ஒவ்வொன்றும் கொள்ளும் நினைவகம் மிகச் சிறிது. சேவையகம் மற்றொரு சேவையகத்தின் ஒரே வாயிலை இடைவிடாது நாடும்போது மட்டும் மெய்யான நெருக்கடி ஏற்படலாம். அதற்கென வழமையாக ஒதுக்கப்படும் எண்கள் 32,768 முதல் 60,999 வரையானவை. ஒவ்வொன்றும் 60 விநாடி முடங்குமாயின் விநாடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகளுக்கு மேல் இயலாது. இது குறித்த ஒரு சூழலுக்குரிய கணக்கு. பொதுமக்கள் வந்து செல்லும் சேவையகத்திற்கு இக்கணக்குப் பொருந்தாது. அங்கே வருவோர் வெவ்வேறு முகவரிகளிலிருந்து வருகின்றனர். ஆயினும் நீண்ட பட்டியலைக் கண்ட கண் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பட்டியலைக் குறைக்கும் மருந்தைத் தேடுகின்றது. ரீசைக்கிள் என்னும் அமைவில் 0 என்பதை 1 ஆக்கினால் பட்டியல் மெய்யாகவே குறையும்.

அது குறையும் விதம் வருமாறு. வெளியூர்க் கணினி அனுப்பும் பொதிகளில் நேரமுத்திரை என்றோர் எண் பதிந்திருக்கும். கணினி ஓட ஓட அது வளர்ந்து செல்லும். இவ்வமைவு இயங்கும்போது, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் இறுதியாகக் கண்ட நேரமுத்திரையைச் சேவையகம் நினைவில் வைத்துக்கொள்கின்றது. அடுத்த ஒரு நிமிடத்தினுள் அதே முகவரியிலிருந்து அதனினும் சிறிய எண்ணோடு ஒரு பொதி வந்தால், வழிதவறிப் பிந்திய பழம்பொதி என்று கொண்டு அதனை ஓசையின்றித் தள்ளிவிடுகின்றது. பழம்பொதியை இவ்வாறு இனங்காண முடியுமானால் 60 விநாடி காத்திருப்பது தேவையற்றதாகிவிடும். நுட்பமான எண்ணம்தான். ஆயின் அது ஓர் எடுகோளின் மீது நிற்கின்றது: ஒரு முகவரி எனின் ஒரு கணினி.

இவ்வெடுகோள் பண்டாரவளைத் தோட்டங்களில் எத்துணை பொருந்தும்? இவ்வினாவிற்கு விடை காண வலையமைப்பை விட்டுச் சற்றுத் தபாலை நோக்கலாம். இலங்கையின் பெருந்தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும்; தோட்ட அலுவலகத்தின் வழியே லயத்தைச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்தது என்ற முறைப்பாடு மலையகத்தாருக்கு மிகப் பழகியது. பல குடும்பங்கள், ஒரு முகவரி. அனுப்புவோர்க்குத் தோட்டம் தெரியும். உள்ளே எத்தனை வீடுகள், எவருடைய கடிதம் எங்கே தங்கிற்று என்பது தெரியாது. வலையமைப்பிலும் இதுவே நிகழ்ந்தது. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் எண்ணிக்கையில் அளவுடையவை. ஆசிய பசிபிக் வட்டாரத்திற்குரிய பதிவகமான ஏப்னிக், 2011 ஏப்ரல் 15இல் தன் இறுதித் தொகுதியைத் தொட்டுவிட்டது. முந்தி வந்தோர்க்குத் தாராளமாகக் கிடைத்த முகவரிகள் பிந்தி வந்தோர்க்குக் கிட்டவில்லை. கைப்பேசி வலையமைப்புகள் பலரை ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்தும் முறையை நாடின. பாடசாலைக் கணினி அறையும் கடைவீதியிலுள்ள தொடர்பாடல் நிலையமும் ஒரே ரவுட்டரின் பின்னே இயங்கின. இணையத்திற்குப் பிந்தி வந்த எவரும், அவர் ஊவாவில் இருப்பினும் உகண்டாவில் இருப்பினும், வலையமைப்பின் லயத்திலே குடியேறினர் எனல் மிகையன்று.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். நடந்த ஒன்றன்று; நடப்பதற்கு யாவும் பொருந்திய ஒரு நிலை. எங்கோ தொலைவிலுள்ள சேவையகத்தைக் கூட்டம் நெருக்குகின்றது. நிருவாகி பட்டியலைப் பார்க்கின்றார், கேள்விப்பட்ட சூத்திரத்தை ஓடும் கணினியிலே எழுதுகின்றார். காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிகின்றது. சுமை இறங்கிவிட்டது என அவர் மனம் அமைதியுறுகின்றது. அதே வேளை பண்டாரவளையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றின் கணினி அறையில் இருபது மாணவர் ஒரே முகவரியின் பின்னே அமர்ந்திருக்கின்றனர். பல நாள் அணைக்கப்படாதிருந்த கைப்பேசியின் நேரமுத்திரை பெரியது. இன்று காலை இயக்கப்பட்ட கணினியின் நேரமுத்திரை சிறியது. பெரிய எண்ணுக்குரியவர் தன் பெறுபேற்றைக் கண்டு எழுகின்றார். அவரை அடுத்து அதே முகவரியிலிருந்து சிறிய எண்ணோடு வரும் மாணவியின் அழைப்பைச் சேவையகம் பழம்பொதி என்று தள்ளிவிடுகின்றது. மறுப்பென்று ஒரு சொல்லும் திரும்பி வருவதில்லை. அவளது கணினி ஒரு விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி என இடைவெளியை இரட்டித்து மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. அதற்குள் அறையிலுள்ள மற்றொருவர் வந்து போய்விடுவதால் அந்த ஒரு நிமிடக் கதவு திறப்பதேயில்லை. பக்கத்து மேசையிலுள்ள விண்டோஸ் கணினிக்கோ இணைப்புத் தடையின்றிக் கிடைக்கலாம். விண்டோஸ் வழமையாக நேரமுத்திரையை இடுவதில்லையாதலின் இச்சோதனைக்கு அது உட்படுவதில்லை. காரணம் காண முயலும் ஆசிரியரை இது மேலும் குழப்பும். “தோட்டத்துப் பக்கம் சிக்னல் சரியில்லை” என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

சேவையகத்தின் பக்கத்திலோ பிழை என்று எதுவும் பதிவாவதில்லை. நேரமுத்திரையால் தள்ளப்பட்ட அழைப்புகளின் தொகை, புள்ளிவிபரத் தொகுப்பொன்றின் நடுவே ஒரு வரியாக மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அவ்வரியைத் தேட வேண்டும் என்று முன்னரே அறிந்தவர் மட்டுமே அதனைக் காண்பர். இவ்வமைவைப் பற்றிய நூல்களின் தரம் இங்கேதான் கேள்விக்குரியதாகின்றது. ஏனெனில் நிருவாகி அறிந்திருக்க வேண்டியதை அவருக்கு அறிவிக்க வேண்டியவை அந்நூல்களே.

கருனியோடு வழங்கிய ஆவணம் முதலாவது நூல். ரீசைக்கிளைப் பற்றி அது கூறியது இரண்டொரு வாக்கியம்: காத்திருப்பை விரைந்து முடிப்பதற்கு உரியது, வழமையான நிலை 0, நிபுணரின் அறிவுரையின்றி மாற்றலாகாது. காண்டிகையுரைக்கு நன்னூலார் கூறும் உறுப்புகளைக் கொண்டு இதனை அளந்தால் கருத்து ஒன்று உண்டு, காட்டு இல்லை, வினா இல்லை, விடையுமில்லை. காரணம் இருக்கவேண்டிய இடத்தில் நிபுணர் என்னும் ஆள் நிறுத்தப்பட்டிருக்கின்றார். பெரியோர் சொல்வர், கேட்டுக்கொள் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? எழுதியோர் இவ்வளவில் தம் கடன் முடிந்ததென்று கொண்டனர் போலும். படிப்போருள் தம்மை நிபுணர் அல்லர் என்று கருதுவோர் அரியர் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

இரண்டாவது நூல் லினக்ஸின் கைநூற் பக்கம். முகவரிப் பகிர்வோடு இவ்வமைவு முரண்படும், ஆதலால் இயக்குவது தகாது என்று அது காரணத்தோடு எச்சரித்தது. ஒரே வாக்கியம், ஆயின் முதலாவது நூல் சொல்லாததைச் சொன்ன வாக்கியம். இதனை வாசித்த நிருவாகி, தன் சேவையகத்தை நாடி வருவோர் முகவரியைப் பகிர்ந்துகொள்வோரா என்று ஒருமுறையேனும் தன்னைக் கேட்டுக்கொள்வார். மூன்றாவது, வின்சென்ட் பேர்னா என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 2014இல் எழுதிய நெடுங்கட்டுரை. காத்திருப்பு ஏன் உளது, அதனால் விளையும் செலவு எத்துணை, எச்சூழலில் எம்மருந்து பொருந்தும் எனத் தொடக்கத்திலிருந்து விரித்து, ரீசைக்கிளை இயக்க வேண்டாம் என்று முடிவு கூறும் அக்கட்டுரையை விருத்தியுரை என்று தயங்காது கூறலாம். அமைவு வழக்கிற்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கருனியின் ஆக்கியோருக்கு வெளியேயிருந்து ஒருவர் அவ்வுரையை எழுத நேர்ந்தமை நினைக்கத்தக்கது.

நான்காவது வகை எந்த ஒருவருடைய நூலுமன்று. ‘சேவையகத்தை விரைவாக்கும் பத்து வரிகள்’ என்பன போன்று கைமாறிக் கைமாறி வரும் பட்டியல்கள் அவை. ஒரு சூத்திரத்தின் கீழே மற்றொரு சூத்திரம், எண்ணுக்கு எண். எந்தச் சேவையகத்திற்கு, எந்த ஆண்டிலே, எந்தச் சுமைக்கு எழுதப்பட்டது என்ற குறிப்பு எதுவும் இராது. இப்பட்டியல்களிலே ரீசைக்கிளும் அதன் அயலிலுள்ள ‘ரீயூஸ்’ என்னும் அமைவும் இணைபிரியாது வந்தன. ரீயூஸ், சேவையகம் தானே வெளியே தொடங்கும் இணைப்புகளுக்கு மட்டும் உதவுவது. உள்ளே வருவோருக்கு அதனால் கேடில்லை. ரீசைக்கிள் உள்ளே வருவோரைத் தொடுவது. ஒன்று மறுபயன், மற்றொன்று மறுசுழற்சி. சொல்லளவில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரட்டைப் பிறவிகளாகக் கொள்ளப்பட்டன. பெயரிடுவதிலும் பொறுப்பு உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. நினைவகத்தைப் பற்றிய ‘சுவாப்பினெஸ்’ என்னும் அமைவின் கதியும் இதுவே. அதன் வழமையான மதிப்பு 60. நினைவகம் நூற்றுக்கு இத்தனை நிறைந்ததும் வட்டுக்கு மாற்றத் தொடங்கு என்ற கட்டளையாகப் பலர் அதனைப் படித்தனர். உண்மையிலோ இருவகை நினைவகப் பக்கங்களுள் எதனை முதலில் விடுவிப்பது என்பதற்கான ஒப்பீட்டு எடையே அது. பிழையான உரையோடு 10 என்ற எண் ஊர்கள் தோறும் நடந்து சென்றது.

இவ்வாறு கூறுவதற்கு ஒரு மறுப்பு எழும். எச்சரிக்கை இருந்தது, வழமையான நிலையும் 0 ஆகவே இருந்தது. வாசியாது இயக்கியவரின் குற்றத்தை நூலின் மீது ஏற்றுவது முறையா? இம்மறுப்பைப் புறக்கணிப்பதற்கில்லை. ஓடும் கணினியில் எழுதப்படும் எண் கணினி மீளத் தொடங்கும்போது அழிந்துவிடும் என்பதும் வடிவமைத்தோர்க்குச் சாதகமாகவே பேசும். தவறு செய்தவர்க்குத் திரும்பி வர ஒரு வழி விடப்பட்டிருந்தது. அதனை நிலையான கோப்பிலே எழுதி வைத்தவரே அவ்வழியை அடைத்துக்கொண்டவர். இவையனைத்தும் மெய். ஆயினும் பரிசோதித்துப் பார்த்து அறிக என்னும் அறிவுரை இவ்விடத்திலே பயன் தராது. பரிசோதித்த எவர்க்கும் இச்சூத்திரம் நன்றாகவே வேலை செய்ததாகத் தோன்றிற்று. தனி முகவரியிலிருந்து சோதித்தவர் எவர்க்கும் குறை புலப்படவேயில்லை. தன் அனுபவத்தால் அறியவியலாத குறையை ஒருவர்க்கு அறிவிப்பது எழுத்து ஒன்றே. அவ்வெழுத்து நிபுணரைக் கேள் என்று முடியுமாயின் குற்றத்தில் அதற்கும் பங்குண்டு.

இச்சூத்திரத்தின் முடிவு அதன் வாழ்வைவிடத் தெளிவாகப் பேசுகின்றது. 2017இன் தொடக்கத்தில் வெளிவந்த 4.10ஆம் பதிப்பில், பாதுகாப்புக் கருதி, நேரமுத்திரைகள் இணைப்புக்கு இணைப்பு வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குமாறு மாற்றப்பட்டன. அதன் பின்னர் தனி முகவரியில் இருக்கும் ஒரு கணினியின் எண்களும் ஒழுங்காக ஏறிச் செல்லவில்லை. ரீசைக்கிள் இப்போது எல்லோரையும் தள்ளத் தொடங்கியது. அதே ஆண்டு 4.12ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. நீக்கத்திற்கு எழுதப்பட்ட குறிப்பு ஒளிவு மறைவற்றது: முகவரியைப் பகிர்வோர்க்கு இது ஏற்கெனவே பழுதாகவே இருந்தது, இப்போது எல்லா வகை இணைப்புகளுக்கும் பழுதாகிவிட்டது, ஆகவே அகற்றப்படுகின்றது என்பது அதன் சாரம். அக்குறிப்பை எழுதியவரைக் குறைகூற இடமில்லை. அவர் உண்மையை உள்ளபடி வரிசைப்படுத்தினார். ஆயின் அவ்வரிசையையே ஒரு பனுவலாக வாசிக்கும் திறனாய்வாளர், அதிலே உள்ள காலப் பிளவைக் காணாது செல்ல முடியாது. லயத்திலிருப்போர்க்கு மட்டும் பழுதாயிருந்த காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பங்களாவிலிருப்போர்க்கும் பழுதாகியபின் அது வாழ்ந்தது சில திங்கள்.

தமிழில் இத்துறைக்கு உரை எழுதுவோர் இன்று உளர். கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலே எழுதி வருகின்றது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இம்மலைகளுக்கு நடுவிலேயே கணினிக் கல்வியைக் கொண்டு வந்துள்ளது. நாளை சேவையகங்களைக் காப்போருள் லயத்திலே பிறந்தோரும் இருப்பர். அவர்களுக்குத் தமிழிலே தரப்படுவது எது என்பதே கவலைக்குரியது. பட்டியலை மொழிபெயர்ப்பது எளிது. பத்து வரியைப் பத்து வரியாகத் தமிழாக்கலாம், மறுபயனையும் மறுசுழற்சியையும் மீண்டும் அருகருகே நிறுத்தலாம். ‘ஒரு முகவரி எனின் ஒரு கணினி’ என்னும் எடுகோளை எடுத்துக்காட்டி, அது எவர்க்குப் பொருந்தாது என்று கூறும் உரையை எழுதுவதற்கு, ஆங்கிலப் பனுவலில் இல்லாத ஒன்றை எழுதத் துணிய வேண்டும். தோட்ட அலுவலகத்தில் தங்கிவிட்ட கடிதத்தை அறிந்தவர்க்கு அத்துணிவு எளிதில் வரக்கூடும்.

ரீசைக்கிள் என்னும் வரியோ இன்னும் பழைய பட்டியல்களிலே இருந்துகொண்டிருக்கின்றது. அதனைப் படியெடுத்துப் புதிய கணினியின் கோப்பிலே இடுவோரும் உளர். 4.12ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இயங்கும் கணினியில் அவ்வரியை இயக்கினால், அப்பெயரில் கோப்பு ஏதும் இல்லை என்ற மறுமொழி வரும். கோப்பைப் படிக்கும் கருவி அடுத்த வரிக்குச் சென்றுவிடும்.